நாளா, திதியா?

தாணு தம் வாழ்நாளில் எந்த வேலையையும் தாமே செய்ததில்லை என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். கிழக்கேகோட்டையில் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் 'ஸ்மிருதி சேவா கேந்திரம்' என்னும் பெயர்ப்பலகையை, ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று நான்காம் ஆண்டில் அவரே ஏணியில் ஏறி மாட்டினார். அதற்குப் பின்னர் அந்த அலுவலகத்தில் அவர் செய்த வேலை இன்னதென்று திட்டமாகச் சொல்ல எவராலும் இயலாது. சுழல்நாற்காலியில் அமர்ந்திருந்தார், சுழன்றார், அவ்வளவே.

அந்த நிறுவனத்தின் தொழில் எளிதில் விளங்கக்கூடியது. திருவனந்தபுரத்தை விட்டு வளைகுடாவிலும் அமெரிக்காவிலும் குடியேறியவர்களுக்கு, இறந்த தாய் தந்தையரின் ஆண்டுப் பலி எந்தத் தேதியில் வருகிறதென்று கண்டறிந்து, ஒரு வாரம் முன்னதாக அறிவிக்க வேண்டும். அவர்கள் முதல்நாள் ஊன் தவிர்த்து ஒருபொழுது இருப்பார்கள். உரிய நாளில் கரமனை ஆற்றங்கரையில் அவர்கள் பெயரால் பிண்டம் வைத்து, காக்கை வந்து கொத்துவதைப் படமெடுத்து அனுப்ப வேண்டும். மகன் கடல் கடந்து இருக்கலாம்; காக்கை உள்ளூர்க் காக்கையாக இருந்தால் போதும்.

இத்தனையையும் பதினொரு ஆண்டுகளாக நடத்தி வந்தவர் சூடாமணி. கரமனை அக்கிரகாரத்திலிருந்து நாள்தோறும் ஒன்பதே காலுக்குப் பேருந்தில் வந்து இறங்கும் ஐம்பத்திரண்டு வயதுப் பெண்மணி. அவருடைய கருவிகள் மூன்று: ஒரு பஞ்சாங்கம், ஒரு தொலைபேசி, குடும்பத்துக்கு ஒன்றாக அட்டைகள் அடுக்கிய ஒரு மரப்பெட்டி. ஒவ்வோர் அட்டையிலும் இறந்தவர் பெயர், இறந்த தேதி, நேரம், செய்ய வேண்டியவர் பெயர் ஆகியன எழுதப்பட்டிருக்கும். வலப்புற மேல்மூலையில் வண்ணப் பென்சிலால் ஒரு முக்கோணம் தீட்டப்பட்டிருக்கும். அது நீலமாக இருக்கும். அல்லது சிவப்பாக இருக்கும்.

அந்த முக்கோணத்தில்தான் தொழிலின் உயிர் இருந்தது. இந்த ஊரில் இறந்தவர்க்கு ஆண்டு பார்க்கும் முறை இருவகைப்படும். அக்கிரகாரத்தார் மாதத்தோடு திதியைப் பார்ப்பார்கள். மலையாளிகளும், தலைமுறை தலைமுறையாக அவர்களோடு சேர்ந்து வாழ்ந்த, சாலை என்னும் கடைத்தெருவின் தமிழர்களில் பலரும் மாதத்தோடு நட்சத்திரத்தைப் பார்ப்பார்கள். அதனை 'நாள்' என்பார்கள். இறந்த அன்று ஒன்றாக இருந்த நாளும் திதியும் பின்வரும் ஆண்டுகளில் பெரும்பாலும் ஒன்றாக வருவதில்லை; ஒருநாள், இருநாள் என்று விலகிவிடும். எந்தக் குடும்பம் எந்த வழக்கத்தைச் சேர்ந்தது என்பதைப் பெயரைக் கொண்டோ சாதியைக் கொண்டோ உறுதியாகச் சொல்ல முடியாது. கேட்டுத்தான் அறிய வேண்டும். ஆகவே புதிய குடும்பம் எது வந்தாலும் சூடாமணி தொலைபேசியில் முதற்கேள்வியாக, "நாளா, திதியா?" என்று கேட்பார். நாள் என்றால் நீலம். திதி என்றால் சிவப்பு.

பதினொரு ஆண்டுகளாக அந்தக் கேள்வி தாணுவின் காதில் விழுந்துகொண்டேதான் இருந்தது. மின்விசிறியின் ஓசையும் விழுந்துகொண்டுதான் இருந்தது. அட்டைகளின் மூலையில் வண்ணம் எதற்கு என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. மாமிக்குப் பொழுது போகவில்லை, பென்சில் தீட்டுகிறாள் என்பது அவருடைய முடிபு. ஆண்டுதோறும் புரட்டாசி பிறந்ததும், அவருடைய தந்தைக்கு உரிய தேதியை ஒரு சீட்டில் எழுதி அவர் மேசைமீது மாமி வைப்பார். அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுபோய் மனைவி செண்பகவல்லியிடம் கொடுப்பதோடு தாணுவின் பிதிர்பக்தி நிறைவெய்தும்.

இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டு ஆனி மாதத்தில் அவருக்கு ஒரு பெரிய வாய்ப்பு வந்தது. டெக்சாஸில் வாழும் திருவனந்தபுரத்தார் ஒரு சங்கம் வைத்திருந்தனர், முந்நூறு குடும்பங்கள். அதன் செயலாளர், சாலையில் பாத்திரக்கடை வைத்திருந்த குடும்பத்தைச் சேர்ந்த இருதய மருத்துவர் வேலப்பன். முந்நூறு குடும்பங்களின் ஆண்டுப் பலிகளையும் மூன்றாண்டுக்குத் தாணுவிடம் ஒப்படைக்கச் சங்கம் விரும்பியது. ஒரு நிபந்தனைதான்: ஆவணி மாதத்தில் வரும் பத்தொன்பது பலிகளை முதலில் பிழையின்றி நடத்திக் காட்ட வேண்டும். அந்தப் பத்தொன்பதில் வேலப்பனுடைய தாயாரின் பலியும் ஒன்று.

சூடாமணி பத்தொன்பது வீடுகளோடும் பேசி, பத்தொன்பது அட்டைகளை எழுதி, மூலைகளைத் தீட்டி முடித்தார். தாணு இன்னும் கையெழுத்தாகாத ஒப்பந்தத்தை நம்பி, அலுவலகத்துக்குக் குளிரூட்டி எத்தனை டன்னில் வேண்டும் என்று சுவரை அளக்கத் தொடங்கினார்.

இந்த நிலையில்தான் ஆடி மாதத்தில், தம்பானூரில் ஒரு ஹோட்டலில் நடந்த ஒருநாள் கருத்தரங்குக்கு அவர் போனார். கழுத்துப் பட்டி கட்டிய ஒருவர் திரையில் வட்டங்கள் வரைந்து விளக்கினார். தொழிலதிபர் என்பவர் சிந்திக்க மட்டுமே பிறந்தவர். ஏனைய வேலைகளை இணையத்தின் வழியாக எங்கோ இருக்கும் ஆட்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட வேண்டும். அவர்களுக்கு நாற்காலி வேண்டாம், விடுப்பு வேண்டாம், ஓணத்துக்குப் போனஸ் வேண்டாம். இதைக் கேட்ட தாணுவின் கண்கள் கலங்கின. தாம் இத்தனை ஆண்டுகளாகச் சும்மா இருந்தது சோம்பல் என்றே ஊரார் கருதினர். அதற்கு ஒரு கொள்கை இருக்கிறதென்று அன்றுதான் அவருக்குத் தெரிந்தது.

ஒரே வாரத்தில் ஓர் இணையதளத்தின் வழியாக அவர் இரண்டு பேரை அமர்த்திவிட்டார். தேதி கணிக்க, 'ஜோதிஷ் எக்ஸ்பர்ட்' என்னும் பெயரில் இந்தூரில் ஒருவர். மின்னஞ்சலில் வரும் கடிதங்களுக்கெல்லாம் தாணுவின் பெயரில் ஆங்கிலத்தில் விடை எழுத, 'லெட்டர் மாஸ்டர்' என்னும் பெயரில் லூதியானாவில் ஒருவர். இருவர் முகத்தையும் அவர் பார்த்ததில்லை. அது அவர்கள்மீது அவருக்கு இருந்த மதிப்பைக் கூட்டியது.

பிறகு மாமியை அழைத்தார்.

"மாமி, இரிங்க. ஒரு காரியம் பேசணும்."

"சொல்லுங்கோ ஸார்."

"இனி இந்த நாள் பாக்குற வேலை, லெட்டர் அடிக்கிற வேலை ஒண்ணும் இங்கெ வேண்டாம். எல்லாம் வெளியெ கொடுத்தாச்சு. இந்தூர்ல ஒருத்தன், லூதியானாவுல ஒருத்தன். ராத்திரி நாம உறங்கும்போ அவனுவ வேலை செய்வானுவ. காலம்பற எழும்பினா எல்லாம் ரெடி."

சூடாமணி சற்று யோசித்தார். "நமக்கு ராத்திரின்னா இந்தூர்லயும் ராத்திரிதானே ஸார்?"

கருத்தரங்கில் சொன்ன எடுத்துக்காட்டு அமெரிக்கக்காரனுடையது. தாணு அதனை அப்படியே எடுத்துக்கொண்டு வந்திருந்தார். "அது பொதுவா சொல்லுகதாக்கும்," என்றார்.

"சரி. அப்போ கார்டெல்லாம்?"

"ஜெராக்ஸ் எடுத்து, ஸ்கேன் செய்து அனுப்பியாச்சு."

"ஜெராக்ஸா?" மாமியின் குரல் உயர்ந்தது. "ஸார், அதுல மூலையில ஒண்ணு..."

"மாமி, மூலையும் முடுக்கும் பாத்துக்கிட்டு இருந்தா பிசினஸ் நடக்குமா?"

"அதில்லே ஸார், நாளா திதியான்னு..."

"அவன் எக்ஸ்பர்ட்டாக்கும். கம்ப்யூட்டர்ல தட்டினா ஆயிரம் வருஷத்துப் பஞ்சாங்கம் வருது. நம்மள மாதிரி விரலு மடக்கல்லெ." அவர் சுழல்நாற்காலியை ஒருமுறை சுற்றினார். "நான் உங்கள விட்டுரல்லெ, கேட்டேளா? அந்த சைட்டுல நீங்களும் பேரைப் பதிஞ்சுக்கிடுங்க. ஃப்ரீலான்சர். வேலை வந்தா பிட் செய்யலாம்."

"என்ன செய்யலாம்?"

"ஏலம் கேக்கிற மாதிரி. குறைச்சுக் கேக்கிற ஆளுக்கு வேலை."

"தேங்கா ஏலத்துல கூட ஒசத்தின்னா கேப்பா! இது தலைகீழா இருக்கே ஸார்."

"அதாக்கும் இப்பத்தெ லோகம்."

மாமி எழுந்தார். பதினொரு ஆண்டு வேலை பார்த்த மேசையை ஒருமுறை பார்த்தார்; கண்ணீர் ஏதும் விடவில்லை. குடையை எடுத்துக்கொண்டு, மரப்பெட்டியைக் காட்டி, "இதை என்ன பண்ணப் போறேள்?" என்று மட்டும் கேட்டார்.

"ஆக்ரிக்காரன் வந்தா போட்டுரலாம்."

"நான் எடுத்துக்கட்டுமா?"

"எடுத்துக்கிடுங்க, எடுத்துக்கிடுங்க. அடுப்பெரிக்க ஆவும்."

"எங்காத்துல கேஸ் ஸார்," என்றார் மாமி. கீழே வழக்கமாக நிற்கும் ஆட்டோக்காரன் யூசுப்பின் வண்டியில் பெட்டியை ஏற்றிக்கொண்டு கரமனைக்குப் போய்விட்டார். பழைய பொருள்களை வாங்குபவனுக்குக் கொடுக்கவிருந்த சுமை தொலைந்தது என்று தாணு மகிழ்ந்தார். தம் தொழிலின் முழு முதலும் ஆட்டோவில் ஏறிப் போவதை மாடிச் சன்னலிலிருந்து பார்த்துக் கையசைத்து வழியனுப்பிய முதலாளி இந்த ஊரில் இவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

அடுத்துவந்த வாரங்கள் தாணுவின் பொற்காலம். இந்தூரிலிருந்து பத்தொன்பது தேதிகளும் அழகிய பட்டியலாக வந்து சேர்ந்தன. லூதியானாவிலிருந்து பத்தொன்பது அறிவிப்புக் கடிதங்களும் நேரே டெக்சாஸுக்குப் போயின. அவற்றை அவர் படிக்கவில்லை. படிப்பது தொழிலதிபர் செய்யத்தக்க வேலையன்று எனக் கருத்தரங்கிலேயே தெளிவாகக் கூறியிருந்தார்கள். ஆற்றங்கரையில் பலி செய்விக்கும் சாந்திக்காரர் பட்டியலைப் பார்த்துப் பிண்டம் வைத்தார். காக்கையும் தேதி கேளாமல் வந்து கொத்திற்று. தாணு மாலைதோறும் தேநீர்க்கடையில் நின்று, "நமக்கு இப்பம் ஆல் இந்தியா டீம் ஆக்கும்," என்று சொல்லி வந்தார்.

ஆவணி முதல் வாரம் கழிந்து ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், மாடிப்படியில் கனத்த காலடி கேட்டது. வேலப்பனுடைய தமக்கை சாவித்ரி வந்து நின்றார். அறுபது கடந்தவர், சாலையில் இன்றும் பாத்திரக்கடையை நடத்துபவர். பித்தளை அண்டாவைத் தட்டிப் பார்த்தே எடை சொல்லும் கை அவருடையது. அந்தக் கையால் தாணுவின் மேசையை ஒருமுறை தட்டினார்.

"தாணு, எங்க அம்மெக்க நாளு என்னைக்காக்கும்?"

தாணு கணினியைப் பார்த்தார். "சனிக்கிழமை கழிஞ்சுதே அக்கா. பலியெல்லாம் பங்கியா, ஜோரா நடந்துது. போட்டோ காட்டட்டா?"

"போட்டோ அங்கெ இருக்கட்டும். அம்மெ செத்தது ஆவணி மாசம் உத்திரட்டாதி. உத்திரட்டாதி நேத்தாக்கும், திங்கக்கிழமை. நான் நேத்து வெளுப்பிலெ ஆத்துல முங்கி, பலி போட்டுட்டு வந்து தம்பிய விளிச்சேன். ஒருபொழுது இருந்தியாடான்னு கேட்டேன். என்ன சொன்னான் தெரியுமா?"

தாணு கணினித் திரையை அவர் பக்கமாகத் திருப்பினார்.

"'அதெல்லாம் வெள்ளிக்கிழமையே இருந்தாச்சு அக்கா, உனக்கு எந்தா ஓர்ம இல்லியா'ன்னு என்னையே கேக்கான்! ஞாயித்துக்கிழமை சங்கத்துப் பிக்னிக்காம். கோழி தின்னிருக்கான். அம்மெக்க நாளுக்கு முந்தின தலேநாளு, கோழி! நான் சொன்னதும் அழுதான் பாத்துக்கிடும். ஆயிரம் பேருக்க நெஞ்சைக் கீறின டாக்டரு. கொச்சுப் பிள்ளெ மாதிரி அழுதான்."

"அக்கா, ரெண்டு நாளு முன்ன பின்ன... ஆத்மாவாக்கும். அதெல்லாம் அட்ஜஸ்ட் செய்யும்."

"எங்க அம்மெயா?" சாவித்ரி சிரித்தார், அந்தச் சிரிப்பைக் கேட்பதைக் காட்டிலும் வசையைக் கேட்பது எளிதாக இருந்திருக்கும். "உயிரோட இருக்கும்போ சாம்பாருல உப்பு ஒரு நுள்ளு கொறஞ்சா இலையெ மடக்கினவளாக்கும். செத்த பிறவா உமக்கு அட்ஜஸ்ட் செய்யப் போறா? செரி, சூடாமணி மாமி எங்கெ? ஆனி மாசம் எனக்கு ஃபோன் செய்து, நாளா திதியான்னு கேட்டு, நாளுதான்னு நான் சொன்னப்பம் எழுதிக்கிட்டுதே?"

"அவங்க கரமனையில வீட்டுல. இப்பம் ஃப்ரீ ஆக்கும்."

"ஃப்ரீயா?" சாவித்ரி கைப்பையிலிருந்து ஒரு துண்டுத்தாளை எடுத்தார். "நம்பரச் சொல்லும்."

தாணு சொன்னார். வந்த அம்மாள் அத்தோடு போனால் போதும் என்பது அப்போது அவருடைய எண்ணம். அந்த எண்ணை அவர் ஒப்பித்த வேகத்தில் தம் மனைவியின் பெயரைக்கூட என்றும் சொன்னதில்லை.

சாவித்ரி போனபின், பதினொரு ஆண்டுகளில் முதன்முறையாகத் தாணு சில தாள்களைப் படித்தார். இந்தூர்க்காரருக்கும் தமது அலுவலகத்துக்கும் இடையே நடந்த கடிதப் போக்குவரத்தைத் தேடி எடுத்தார். மூன்று வாரத்துக்கு முன்னர் இந்தூர்க்காரர் ஒரு கேள்வி கேட்டிருந்தார்: 'ஐயா, தென்னாட்டில் சிலர் திதியையும் சிலர் நட்சத்திரத்தையும் கொள்வதாகக் கேள்வி. அட்டைகளில் எல்லா மூலைகளும் கறுப்பாக உள்ளன; அதற்கு ஏதேனும் பொருள் உண்டா? இவர்களுக்கு எதனைக் கொள்வது?'

அந்தக் கேள்வி தாணுவுக்கு வரவில்லை. வரும் கடிதங்களுக்கெல்லாம் விடை எழுதும் பொறுப்பு லூதியானாக்காரருடையது அல்லவா? அவரும் பத்தே நிமிடத்தில், தாணுவின் பெயரில், விடை எழுதியிருந்தார்: 'தங்கள் கடிதம் கிடைத்தது. ஆவன செய்க.'

இந்தூர்க்காரர் ஆவன செய்துவிட்டார். அவருடைய ஊரில் எல்லாரும் திதிதான் பார்ப்பார்கள். பத்தொன்பது பேருக்கும் திதியே பார்த்தார். அவர்களில் பதினொருவர் நீல மூலைக்காரர்கள். நீலத்தையும் சிவப்பையும் வேறுபடுத்திக் காட்டுமாறு நகலெடுக்கும் எந்திரத்தை எவரும் கேட்கவில்லை. அது எல்லாவற்றையும் கறுப்பாக்கிக் கொடுத்துவிட்டது.

இந்த நிலையில் ஓரளவு அறிவுடையவன் என்ன செய்வான்? பத்தொன்பது வீட்டுக்கும் தொலைபேசியில் பேசி, நாளா திதியா என்று கேட்டு, தவற்றை ஒப்புக்கொண்டு, இன்னும் கடந்துபோகாத நாள்களையாவது திருத்திக் கொடுப்பான். கரமனைக்கு ஓர் ஆட்டோ பிடித்திருப்பான். தாணு கொள்கையில் உறுதி மிக்கவர். அவர் லூதியானாவுக்கு இரண்டு வரி எழுதினார்: 'வாடிக்கையாளர்க்குக் கோபம். தாயார் இறந்த தேதி தொடர்பான தவறு. நல்ல ஆங்கிலத்தில் மன்னிப்புக் கடிதம் எழுதி, பத்தொன்பது பேருக்கும் அனுப்புக. ஏதேனும் தள்ளுபடி கொடுக்கலாம்.' அனுப்பிவிட்டு, மதியச் சோற்றுக்கு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலையில் வேலப்பனே தொலைபேசியில் அழைத்தார். குரலில் சினம் இல்லை. அதனைத் தாணு நல்ல அறிகுறியாகக் கொண்டார்.

"தாணு, லெட்டர் கெடச்சுது."

"சந்தோஷம் டாக்டர்."

"நீரு வாசிச்சீரா?"

"நம்ம டீமு தயாராக்கினதாக்கும். டாப் கிளாஸ்."

"அப்பம் நான் வாசிக்கேன், கேளும்." கடலுக்கு அப்பால் தாள் சலசலத்தது. "'தங்கள் அன்னையாரின் மறைவினால் தங்களுக்கு நேர்ந்த அசௌகரியத்துக்கு எங்கள் நிறுவனம் ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறது.' இங்கிலீஷுல எழுதியிருக்கு, நான் தமிழாக்கிச் சொல்லுகேன். 'இதற்குக் காரணமானவர்கள்மீது உரிய நடவடிக்கை எடுக்கப்படும். இத்தகைய நிகழ்ச்சி தங்கள் குடும்பத்தில் மீண்டும் நேராது என உறுதி கூறுகிறோம்.' அது செரிதான் தாணு. எனக்கு ஒரு அம்மெதான் உண்டும். இனி நேராது."

தாணு கணினியில் அந்தக் கடிதத்தைத் தேடத் தொடங்கினார்.

"இன்னும் முடியல்லெ. 'தங்கள் குடும்பத்தின் அடுத்த மறைவுக்குப் பத்து சதமானம் தள்ளுபடி.' இந்தப் பத்து சதமானத்துக்கு யார அனுப்பட்டும்? அக்காவெயா? நீரு போய் அவகிட்டெ கேளும், நல்ல பதில் கிட்டும்."

"டாக்டர், அது ஒரு சின்ன கம்யூனிகேஷன்..."

"மத்த பதினெட்டு வீட்டுக்கும் இதே லெட்டராக்கும் போயிருக்கு. அதுல நாலு பேருக்கு அப்பன் செத்த ஆண்டு. அவங்களுக்கும் அன்னையாருன்னே போயிருக்கு. ஒருத்தருக்க அம்மெ எண்பத்தாறு வயசுல அவருக்கெ வீட்டுல, அடுத்த முறியிலதான் இருக்காங்க. மருமகள் அந்த லெட்டர அவங்களுக்கு வாசிச்சுக் காட்டியிருக்கா."

"ஒரு சான்ஸ் தாருங்க டாக்டர். அடுத்த மாசம் தொட்டு நானே நேரிட்டு..."

"வேண்டாம். நேத்து ராத்திரி சங்கம் கூடியாச்சு. முந்நூறு வீட்டுக் காரியமும் சூடாமணி மாமி ஏத்துக்கிட்டாங்க. பாக்கி உள்ள ஆவணிக்காரங்களுக்குத் திருத்தின தேதியும் நேத்தே அனுப்பிட்டாங்க. கார்டெல்லாம் அவங்க கையிலதானே இருக்கு."

"அது எனக்க கார்டாக்கும்! எனக்க ஸ்டாஃபாக்கும்!"

"அப்பிடியா? அடுப்பெரிக்க எடுத்துக்கிடுங்கன்னு நீரு சொன்னதா மாமி சொன்னாங்க. பிறவு அவங்க உமக்க ஸ்டாஃபும் இல்லெ. ஃப்ரீலான்சர். உம்ம வாயாலெ நீருதானே ஆக்கினது?" தொலைபேசி வைக்கப்பட்டது.

தாணு நெடுநேரம் சுழலாமல் அமர்ந்திருந்தார். எதிர்ச்சுவரில், குளிரூட்டிக்கென்று பென்சிலால் அவரே வரைந்த சதுரம் இருந்தது. அதன் நடுவில் ஒரு பல்லி இருந்தது.

நன்றிகெட்ட உலகம் என்றுதான் அவருக்குத் தோன்றிற்று. தவறு இந்தூரில் நிகழ்ந்தது. அவமானம் லூதியானாவில் எழுதப்பட்டது. பலன் கரமனைக்குப் போயிற்று. இதில் தம் பங்கு யாது என்று எவ்வளவு சிந்தித்தும் அவருக்கு விளங்கவில்லை. உண்மையில் அவர் பங்கு என்று ஒன்றும் இல்லைதான். அதற்காகத்தானே அத்தனை ஏற்பாடும்?

ஒப்பந்தம் போனதோடு இது முடிந்திருக்கலாம். ஆனால் ஆவணி கழிந்தால் புரட்டாசி பிறக்கும். அதனை எவரிடமும் ஒப்படைக்க முடியாது. புரட்டாசி இரண்டாம் தேதி காலையில் செண்பகவல்லி காப்பியோடு வந்து நின்றார்.

"மாமாவுக்கு ஆண்டு என்னைக்கு? இன்னும் சீட்டு வரல்லியே?"

"எந்தச் சீட்டு?"

"மாமி எழுதித் தருவாங்கல்லா, அதாக்கும்."

தாணு காப்பியைக் கீழே வைத்தார். "அப்பாவுக்கு நாளா, திதியா?"

"என்னையா கேக்குறிய?" செண்பகவல்லியின் புருவங்கள் ஏறின. "உங்க அப்பாவாக்கும். நாட்டுல உள்ளவங்க அப்பன் அம்மெக்கெல்லாம் நாளு பாத்துச் சொல்லுகது நீங்கதானே?"

தந்தை இறந்த தேதி அவருக்குத் தெரியும். தேதியை வைத்து நாள், திதி இரண்டையும் எவரும் கணித்துவிடலாம். இந்த ஆண்டு அவை இரண்டும் ஒரு நாள் விலகி நின்றன. பழைய சீட்டுகள் பலி முடிந்த கையோடு குப்பைக்குப் போயிருந்தன. தாய் இல்லை, உடன்பிறந்தார் இல்லை. நாகர்கோயிலில் இருக்கும் சித்தப்பாவைக் கேட்கலாம். ஆனால் 'ஸ்மிருதி' என்று பலகை மாட்டியவன் தன் தகப்பனுக்கு எது என்று கேட்கிறான் எனும் செய்தி, அன்று மாலைக்குள் வடசேரிச் சந்தை வரையில் போய்விடும்.

அலுவலகத்துக்கு விரைந்தார். நகல் தாள்களைப் புரட்டித் தந்தையின் அட்டையைக் கண்டுபிடித்தார். பெயர் இருந்தது, தேதி இருந்தது, நேரம் இருந்தது. மூலையில் முக்கோணம் இருந்தது. கறுப்பு. விளக்கின் அருகே பிடித்துப் பார்த்தார். தாளைத் திருப்பிப் பின்புறத்தைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மீண்டும் பார்த்தார். கறுப்பு கறுப்பாகவே இருந்தது.

தொலைபேசியை எடுத்துக் கரமனைக்கு எண்ணைச் சுழற்றினார். பேச்சில் இருப்பதாக ஒலி வந்தது. கால்மணி கழித்துச் சுழற்றினார், அதே ஒலி. நான்கு முறை முயன்றார். மாமி டெக்சாஸில் எந்த வீட்டாரிடமோ, முதற்கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார் போலும். கரமனை கிழக்கேகோட்டையிலிருந்து பேருந்தில் பத்து நிமிடத் தொலைவுதான். சென்று, கதவைத் தட்டி, "எங்க அப்பாவுக்க மூலை என்ன நிறம் மாமி?" என்று கேட்டிருந்தால், அந்த அம்மாள் பெட்டியைத் திறந்து சொல்லியே இருப்பார். தாணு எழுந்து குடையைக்கூட எடுத்தார். மாடிப்படியின் தலைப்பில் நின்றார். கீழே யூசுப் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டே நிமிர்ந்து, "எங்கெ ஸாரே, கரமனைக்கா?" என்று கேட்டான்.

"இல்லெ, சும்மா," என்று சொல்லிவிட்டு, தாணு திரும்பி வந்து கணினியின் முன் அமர்ந்தார்.

அந்த இணையதளத்தைத் திறந்து ஒரு புதிய வேலையைப் பதிந்தார். 'காலஞ்சென்ற ஒருவரின் ஆண்டுத் தேதியை உறுதிசெய்ய ஆள் தேவை. அவசரம். இரகசியம் காக்கப்பட வேண்டும்.'

பத்து நிமிடத்துக்குள் பதினான்கு பேர் விண்ணப்பித்திருந்தனர். ஒருவர், தமக்கு இந்தத் துறையில் ஐந்தாண்டு அனுபவம் உண்டென்றும், தாணுவின் தேவை தமக்கு முற்றிலும் விளங்குகிறதென்றும் எழுதியிருந்தார். மற்றொருவர், காலஞ்சென்றவருக்கு வேண்டுமானால் ஓர் அழகிய சின்னமும் வடிவமைத்துத் தருவதாகக் கூறியிருந்தார். மூன்றாமவர், எல்லாரினும் குறைந்த விலையில், அதே தேதியை இருமுறை கணித்துத் தர ஒப்பியிருந்தார். பதினான்காவதாக இந்தூர்க்காரரும் இருந்தார். பாவம், அவர் ஒருவர்தாம் அந்தக் கூட்டத்தில் கேள்வி கேட்கும் வழக்கம் உடையவர். 'ஐயா, இவருக்குத் திதியா, நட்சத்திரமா?'

தாணு அந்தக் கேள்வியை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். சன்னலுக்கு வெளியே கரமனைப் பேருந்து புறப்படுவதாக நடத்துநர் கூவினார். கேள்வியின் கீழே, விடைக்கான இடத்தில், குறிமுள் விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருந்தது.

இரண்டு விரல்களால், ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி, இம்முறை வேறு எவரிடமும் ஒப்படைக்காமல், தாணு தாமே விடை எழுதினார்: 'ஆவன செய்க.'